என்னை நிற்கச் சொன்னது யார்?

அன்று தோப்பில் இருந்தவர்கள்

முதலில் அன்றைக்குக் கோயில் தோப்பில் யார் யார் இருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். இதைச் சரியாகச் சொல்லாவிட்டால் மீதிக் கதையை நீங்கள் நம்பமாட்டீர்கள். சொன்னாலும் நம்புவீர்களோ என்னவோ.

பூசாரி வெள்ளையன். ஊர்க்கவுண்டர் சடையன் மாமா. முருகேசன். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற கோவிந்தன். காது சுத்தமாகக் கேட்காத குப்பாயி பெரியம்மா. புருஷன் செத்து வருஷம் திரும்பாததால் தோப்புக்குள் வராமல், எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்த பச்சையம்மா சின்னம்மா. அப்புறம் நான்.

ஏழு பேர். ஒரு ஆட்டுக்கிடா. எட்டாவதாக யாரும் இல்லை.

எனக்கு எங்கே போனாலும் ஆட்களை எண்ணுகிற பழக்கம் உண்டு. எண்ணி முடித்தால்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்கும். சாவு வீடு, கல்யாண வீடு, ஜீப்பு, எதுவானாலும் எண்ணிவிடுவேன். அன்றைக்கும் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்ததும் எண்ணினேன். ஏழுதான்.

ஊர் ஜனம் மொத்தமும் புளிய மரத்தில் இருந்தது. மாசி தொடக்கம், புளி உலுக்குகிற காலம். பனி இன்னும் விலகவில்லை. கண்ணுக்கு மரம் தெரியாது, ஆனால் சுற்றிலும் பொத்துப் பொத்தென்று புளி விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் எங்கள் வார்டுக்கு அடுத்த மெம்பர் யாரென்று சாமியிடம் கேட்க நின்றோம்.

ஆடு சிலுப்ப வேண்டும்

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கம் எந்தப் பெரிய காரியத்துக்கும் சாமி உத்தரவு கொடுக்க வேண்டும். கிடாவைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி, பூசாரி காரியத்தைச் சொல்லி, மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் தெளிப்பார். ஆடு தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்பு சிலுப்பினால் உத்தரவு கிடைத்தது. சும்மா நின்றால் இல்லை. பெண் கட்டுவதற்கும் கிணறு எடுப்பதற்கும் இதுதான். தேர்தலுக்கும் இதுதான். உத்தரவு கிடைக்காத ஆள் எங்கள் ஊரில் நிற்கமாட்டான்.

மெம்பர் சித்தப்பா செத்துப்போய் சீட்டு காலியாக இருந்தது. அவரை ஊரே மெம்பர் என்றுதான் கூப்பிடும். எனக்குச் சித்தப்பா முறை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பச்சையம்மா சின்னம்மா அவருடைய சம்சாரம்.

தண்ணீர் எடுத்து வருவது முறைப்படி ஒவ்வொரு வீடாகச் சுற்றி வரும். அன்றைக்கு எங்கள் வீட்டு முறை. அதனால்தான் நான் அங்கே. இல்லாவிட்டால் நானும் ஏதாவது புளிய மரத்தடியில்தான் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

முதலில் முருகேசன் பேரைச் சொல்லித் தெளித்தார் பூசாரி. ஆடு நின்றது. கோவிந்தன் பேருக்கும் நின்றது, அசை போட்டுக்கொண்டு. வெளியூரில் இருக்கிற கவுண்டர் மகன் பேருக்கும் நின்றது. மறுபடி முருகேசனுக்கு ஒரு தரம் தெளிக்கச் சொன்னார்கள். ஆட்டின் முதுகிலிருந்து தண்ணீர் சொட்டியதே தவிர ஒரு மயிர் அசையவில்லை.

பூசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு என்ன கவலை என்றால், குடத்தில் தண்ணீர் அடியில் போய்விட்டதே, பாதியில் தீர்ந்தால் எங்கள் வீட்டுக்குக் குற்றம் வருமே என்பதுதான். குனிந்து குடத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது புளி விழுகிற சத்தம் நின்றது. ஒரு மரத்தில் நின்றால் சரி. சுற்றிலும் எல்லா மரத்திலும் ஒன்றாக நின்றது.

“தவமணி.”

எனக்குப் பின்னால் இருந்து வந்தது. சத்தமாக இல்லை. தீப்பெட்டி கேட்கக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி.

நான் குடத்தைப் பார்த்தபடியே, “இன்னா?” என்றேன்.

கிடா சிலுப்பியது. அப்படி ஒரு சிலுப்பை நான் பார்த்ததில்லை. மஞ்சள் தண்ணீர் என் முகத்திலெல்லாம் அடித்தது.

முதல் கூப்பாடு

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் மலையில் முகம் தெரியாத கூப்பாட்டுக்கு முதல் தரத்தில் யாரும் ஏனென்று கேட்கமாட்டோம். இரண்டாம் தரத்திலும் கேட்கமாட்டோம். மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் அது மனுஷன். மற்றது ஒரு தரம்தான் கூப்பிடும் என்பார்கள். மற்றது என்றால் எது என்று நான் எழுதவில்லை. எழுதினால் இன்றைக்குத் தூக்கம் வராது.

குழந்தை பேச ஆரம்பித்தவுடன் இதைத்தான் சொல்லிக்கொடுப்போம். நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது மலைக்குக் கீழே கண்ணமங்கலத்திலிருந்து ஒரு புது டீச்சர் வந்தார். காலையில் தலையைக் குனிந்துகொண்டு வருகைப் பதிவு எடுப்பார். ஒவ்வொரு பேரையும் ஒரே ஒரு தரம் படிப்பார். எங்களில் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம். கண்ணெதிரே இத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, எல்லோருக்கும் ஆப்சென்ட் போட்டுவிட்டு, மலைப் பிள்ளைகளுக்குத் திமிர் என்று அழுதாராம் அந்த அம்மா.

அப்போது மெம்பர் சித்தப்பா இளவட்டம். மெம்பரும் இல்லை. அவர்தான் போய், “மூணு தரம் கூப்புடுங்க டீச்சர், அதுங்களுக்கு பயம்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

அவரே அப்படித்தான். பள்ளிக்கூடம் ஓடைக்கு அக்கரையில். மழைக்காலத்தில் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடை நடுவில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் ஏற்றித் தாண்டவிடுவார். பேரை ஒரே மூச்சில் மூன்று தரம் கூப்பிடுவார். தவமணி தவமணி தவமணி. நாங்கள் பயமில்லாமல் தண்ணீரில் இறங்குவோம்.

நான் ஏழாவது படிக்கும்போது ஓர் ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் இறங்கவே இல்லை. அவராலேயே நிற்க முடியவில்லை. போதும் என்று சொல்லிவிட்டார் என் அப்பா. அதோடு என் படிப்பு முடிந்தது. இன்றைக்கு என் மகள் செல்வி ஏழாவது. அதே பள்ளிக்கூடம், அதே ஓடை.

முகம் தெரியாத கூப்பாட்டுக்கு நான் அதுவரை வாய் கொடுத்ததே இல்லை. அவ்வளவு பயம் எனக்கு. அன்றைக்கு ஏன் கொடுத்தேன் என்று கேட்டால், அந்தக் குரலில் பயப்பட ஒன்றும் இல்லை. அது ஒன்றுதான் காரணம்.

யார் கூப்பிட்டது

யார் கூப்பிட்டது என்று தோப்பில் அப்போது யாரும் விசாரிக்கவில்லை. கவுண்டர் மாமா என்னைப் பார்த்து, சாமியே சொல்லிட்டுது, அப்புறம் என்ன என்றார். முருகேசன் மட்டும் சிரித்தான்.

“குளிர்ல தண்ணி ஊத்துனா ஆடு சிலுப்பாம ஆடவா செய்யும்? சரி விடு தவமணி, கிடாவுக்கு ஓட்டு இருந்தா ஒண்ணு உனக்கு உறுதி.”

கிடாவை அன்றைக்கே வெட்டிப் பங்கு வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் கறி வந்தது. செல்வி சாப்பிட்டாள். எனக்கு இறங்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன்.

பூசாரி, கவுண்டர்தான் என் பேரைச் சொன்னார் என்று நினைத்தாராம். கவுண்டர் மாமா, பூசாரிதான் சொன்னார் என்று நினைத்தாராம். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னதும் இரண்டு பேருமே பேச்சை மாற்றினார்கள். பின்னால் இருந்து வந்ததால் பச்சையம்மாவாக இருக்கும் என்றான் கோவிந்தன். எல்லைக் கல்லிலிருந்து மெல்லக் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. அவ்வளவு தூரம் அது.

குப்பாயி பெரியம்மாவிடம் கேட்பதா வேண்டாமா என்று யோசித்தேன். காது கேட்காதவரிடம் யார் கூப்பிட்டது என்று கேட்டால் ஊர் சிரிக்கும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. திண்டாடிக் கையைக் காட்டி, வாயசைத்துக் கேட்டேன்.

பெரியம்மா புளியங்கொட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “ஆமா, கூப்ட்டாங்களே. எனக்கே கேட்டுச்சே. நீ கூட இன்னான்னியே.”

வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டேன். போட்டேனா என்று மூன்று தரம் எழுந்து பார்த்தேன்.

முருகேசனை நானாகப் போய்க் கேட்கவில்லை. கிணற்றடியில் அவனே நிறுத்தினான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றான். அவன் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. “யாரும் உன்ன கூப்புடல. நீயா இன்னான்னு கேட்ட, நீயா மூஞ்சிய தொடச்சிகின. வூட்ல போய் ஆட்டப் பாரு.”

அவன் சொன்னதுதான் நிஜமாக இருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்ட இரவுகள் உண்டு.

ஓடை

முருகேசன் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு கான்ட்ராக்டருக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறவன் அவன். எங்கள் ஓடைக்குச் சின்னப் பாலம் ஒன்று, மெம்பர் சித்தப்பா நடையாக நடந்து வாங்கியது, சாங்ஷன் ஆகியிருந்தது. அதைக் கல்குவாரி லாரி போகிற பாதைக்கு மாற்றிப் போட வேண்டும் என்பது கான்ட்ராக்டர் எண்ணம். எங்கள் வார்டு மெம்பர் சரி என்று ஒரு கையெழுத்துப் போட்டால் இடம் மாறிவிடும்.

சாமி உத்தரவு இல்லாமலே நிற்பேன் என்று முருகேசன் சொல்லிவிட்டான். ஊரில் வேறு யாரும் நிற்கமாட்டார்கள். உத்தரவு எனக்கல்லவா கிடைத்திருக்கிறது? ஆக நான் நின்றால் போட்டி. நிற்காவிட்டால் அவன் போட்டியில்லாமல் மெம்பர், பாலம் லாரிக்கு.

எனக்கோ ஆபீஸ் வாசலைப் பார்த்தாலே திரும்பி நடக்கத் தோன்றும். பேனா பிடித்தால் கை நடுங்கும். அதற்கெல்லாம் மேல் ஒரு பயம். கூப்பிட்டது யாரென்று தெரியாமலே வாய் கொடுத்தாயிற்று. நின்றால் அதன் பின்னால் போகிறேன். நிற்காவிட்டால், வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றுகிறேன். இரண்டில் எது அதற்குக் கோபம்?

என் வீட்டுக்காரர் காசி கர்நாடகாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிறார். எங்கள் ஊரில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் போனில் பேச்சு கேட்கும். ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிற்காதே என்றார். நமக்கு எதற்கு வம்பு என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

“ஓடை எப்புடி கீது?” என்றார் மெதுவாக.

இப்போது காய்ந்து கிடக்கிறது என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்திருக்கும்.

அது போன ஐப்பசி. மெம்பர் சித்தப்பாவுக்குக் காலையில் நெஞ்சு வலி. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடை நிறைந்து போகிறது. அக்கரையில் பாபு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, வந்துவிட்டேன் என்று தெரிவிக்க ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் மேட்டுக் காட்டில் ஆட்டோடு இருந்தேன். எனக்கு அந்த ஹாரன்தான் கேட்டது. விட்டு விட்டு, விட்டு விட்டு. இக்கரையில் யாரோ துண்டை ஆட்டிக் காட்டிய பிறகு நின்றது. ஹாரன் நின்றதும் காடே வேறு மாதிரி ஆனது.

பாபுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷேர் ஜீப்பு ஓட்டுகிறவன். மெம்பர் சித்தப்பா அவன் ஜீப்பில் பின்பக்கம் ஓரமாகத்தான் உட்காருவார். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்து, கூரையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம்தான் பாபு கிளப்புவான். காசு வேண்டாம் மெம்பரே என்று அவன் எத்தனை தரம் சொன்னாலும் கேட்கமாட்டார். ஓசியில் ஏறினால் நாளைக்கு ரோடு கேட்க வாய் வராது என்பார்.

சின்னம்மா சொன்னது

கடைசியாகத்தான் பச்சையம்மா சின்னம்மாவிடம் போனேன். அவளிடம் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை.

சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள். அன்றைக்குத் தோப்பில் கூப்பிட்டது நான் இல்லை என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவும் இல்லை, நீ முகத்தைத் துடைத்ததைத்தான் பார்த்தேன் என்றாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

“உன்னாண்ட ஒண்ணு சொல்லல. சொன்னா பயந்துக்குவேன்னு விட்டுட்டேன்.”

“இன்னா சின்னம்மா?”

“ஓடைக்கரையில படுக்க வெச்சிருந்தோம் இல்ல. கண்ணு சொருகிட்டுது. அப்ப ஒவ்வொரு புள்ளையா பேர் சொல்லிகினு இருந்தாரு. உங்க செட்டு புள்ளைங்க. எல்லாம் இப்ப புள்ள பெத்ததுங்க. ஒவ்வொண்ணையும் மூணு மூணு தரம். தாண்ட வெக்கிற நெனப்பு. கடைசியா உன் பேரு. ஒரு தரம் சொன்னாரு. அவ்ளோதான். மூச்சு இல்ல.”

மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

நான் மனசுக்குள் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஓடைக்கரையில் ஒன்று. தோப்பில் ஒன்று.

“அப்ப இன்னொண்ணு கீது” என்றேன்.

சின்னம்மா முறத்தில் நின்ற கல்லைப் பொறுக்கி எறிந்தாள். மனுவில் முன்மொழிகிறவர் என்று ஒரு கையெழுத்து வேண்டுமாமே, வருஷம் திரும்பாமல் நான் ஊரைத் தாண்டக் கூடாது, இங்கேயே கொண்டுவந்தால் போடுகிறேன் என்றாள். அவ்வளவுதான். நில் என்றும் சொல்லவில்லை, நிற்காதே என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் முதுகைச் சுவரில் சாய்த்தே உட்கார்ந்தேன். பின்னால் இடம் இருந்தால்தானே கூப்பிட முடியும்?

மனு கொடுக்கிற கடைசி நாள்

கடைசி நாள் காலைவரை நான் முடிவு செய்யவில்லை. சின்னம்மா கையெழுத்துப் போட்ட மனு ஒரு மஞ்சள் பைக்குள் இருந்தது. புடவை மாற்றினேன். அவிழ்த்துவிட்டுப் பழைய புடவையைக் கட்டினேன். மறுபடி மாற்றினேன். எங்கே போகிறாய் என்று செல்வி கேட்டாள். தெரியவில்லை என்றேன். அது நிஜம்.

ஓடையைத் தாண்டும்போது பனி முழங்கால் அளவுக்கு ஓடைக்குள்ளேயே படுத்திருந்தது. தண்ணீரே இல்லை, ஆனால் தண்ணீர் ஓடுகிற மாதிரி பனி நகர்ந்துகொண்டிருந்தது. காலை எங்கே வைக்கிறேன் என்று தெரியாமல் வைத்து வைத்து நடந்தேன். நடுவில் நின்று காது கொடுத்தேன். ஒன்றும் இல்லை. கூப்பிட்டால் திரும்பி ஓடிவிடுவது என்று நினைத்திருந்தேன். கூப்பிடாததால் தாண்டிவிட்டேன்.

அக்கரையில் பாபுவின் ஜீப்பு நின்றது. புளிக் காலம் என்பதால் வேறு ஆள் இல்லை. நான் பின்னால் ஏறி டிரைவர் முதுகுப் பக்கமாக ஒண்டி உட்கார்ந்தேன். ஓரத்து இடம் காலி. பாபு பீடியை அணைத்துவிட்டு ஏறினான். கொஞ்சம் நின்று, அப்புறம் கிளப்பினான். “நல்லா உள்ள தள்ளி குந்துங்க, வளைவுல வீசும்” என்றான். நான் மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வழியெல்லாம் நான் அந்தக் காலி இடத்தைப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆபீசில் வந்தவர்கள் பேரை எழுதிக்கொண்டு, வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மனு வாங்கினார்கள். மூன்று மணியோடு சரி. பல ஊர் ஆட்கள். முருகேசன் வெள்ளைச் சட்டையில், கான்ட்ராக்டரோடு வந்து, முன்னதாகவே கொடுத்து முடித்துவிட்டு, வேப்பமரத்தடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சுக்குப் பின்னால் சுவர். நான் அதற்காகத்தான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். என்னையும் சேர்த்தால் மூன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் நான் மட்டும்.

உள்ளே இருந்து கிளார்க்கு குனிந்த தலை நிமிராமல் என் பேரைப் படித்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கதவு வழியாக வந்தது.

நான் எழுந்திருக்கவில்லை.

வேண்டுமென்று இல்லை. உடம்பு எழவில்லை. இத்தனை வயது பழக்கம். உட்கார்ந்துகொண்டு அடுத்த கூப்பாட்டுக்குக் காத்திருந்தேன். அவர் அடுத்த தரம் கூப்பிடவே இல்லை. “ஆள் இல்ல சார், எடுத்து வெச்சிடவா?” என்று யாரிடமோ கேட்பது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். வேப்பமரத்தடியில் முருகேசன் கான்ட்ராக்டர் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

எழுந்திரு எழுந்திரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாலம் போய்விட்டது என்று நினைத்தேன். செல்வி இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிற மாதிரி தெரிந்தது.

“தவமணி.”

பின்னால் இருந்து. சுவர்ப் பக்கமிருந்து. தீப்பெட்டி கேட்கிற அதே குரல்.

மூன்று.

நான் எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்குகிற மாதிரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே இறங்கினேன். “இங்கதான் சார் கீறேன்” என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “மலைக்காரங்களுக்கு காது மந்தமா?” என்று கேட்டபடி மனுவை வாங்கிக்கொண்டார் அந்த அதிகாரி. கையெழுத்துப் போடும்போது கை நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம்.

வெளியே வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணச் சுவர். சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

பாக்கி

சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பினேன். மேலே போகிற ஆட்கள் நிறையப் பேர் ஏறினார்கள். இடித்துப் பிடித்து உட்கார்ந்ததில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஓடைக்கரையில் இறங்கி, போய் வந்ததற்குக் காசை எண்ணிக் கொடுத்தேன்.

பாபு காசைப் பார்த்தான். “காலையில உன்கூட வந்தவரு காசு?”

“யாரு வந்தது? நான் ஒருத்திதானே ஏறுனேன்.”

“அப்ப தட்டுனது யாரு?”

நான் மஞ்சள் பையை மடித்துக்கொண்டேன்.

“நான் ஏறி குந்தினதும் கூரையில ரெண்டு தட்டு வுழுந்துச்சு. அதுக்கப்பறம்தான் கிளப்புனேன். நீ குந்திருந்த எடத்துல இருந்து கை எட்டாது. ஓரத்துல குந்தின ஆளுக்குத்தான்...” என்று சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். ஓடையைப் பார்த்தான். அவன் ஹாரன் அடித்துக்கொண்டு காத்திருந்ததும் அதே இடம்தான். அப்புறம் ஒன்றும் கேட்காமல் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான்.

முருகேசனைவிடக் கொஞ்சம் ஓட்டு கூட வாங்கி நான் மெம்பர் ஆனேன். பாலத்துக்கு எங்கள் ஓடையிலேயே கம்பி கட்டுகிறார்கள். மழைக்கு முன்னால் முடிய வேண்டுமே என்று தினமும் போய் நின்று பார்க்கிறேன். கம்பியை எண்ணுகிறேன். என் பேரைச் சொல்லி இதுவரை வேறு எதுவும் கூப்பிடவில்லை.

பாபு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது வணக்கம் மெம்பரே என்கிறான். சிரிப்பான். கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அந்த ஆளு காசு பாக்கி கீது” என்பான். அவன் சொல்வது வேடிக்கைக்கா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

கொடுத்துவிடலாம். பெரிய தொகை இல்லை. ஒவ்வொரு முறையும் முந்தானையில் முடிந்துகொண்டுதான் போகிறேன். கொடுத்தால், அன்றைக்கு இரண்டு பேர் வந்தோம் என்று நானே என் வாயால் ஒத்துக்கொண்ட மாதிரி. கொடுக்காவிட்டால், உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் ஓசியில் ஏறாத மனுஷனை நான் ஓசியில் ஏற்றிக்கொண்டு போன மாதிரி. எது பெரிய குற்றம் என்று யோசித்து யோசித்து, இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஒரு ஆளுக்கு, இறக்கத்துக்கு மட்டும், நாற்பது ரூபாய்.